தீர்ப்பின் முடிவு வேறு, முன்தீர்ப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்முறையீட்டில் ஒரு தீர்ப்பு வந்தால், மறுநாள் செய்தியில் யார் வென்றார், எத்தனை வெள்ளி அல்லது எத்தனை மாதச் சிறை, நீதிபதி கடிந்து சொன்ன ஒரு வரி என்ன என்பதெல்லாம் தவறாமல் வந்துவிடுகின்றன. வழக்கில் நின்ற இரு தரப்புக்கும் அது போதும். மற்ற வாசகர்களுக்கு வேண்டியது வேறு. நீதிமன்றத்தின் முன் இருந்த சட்டக் கேள்வி என்ன, அதற்கு அது சொன்ன விடை என்ன, அந்த விடை நாளைக்கு யாரைக் கட்டுப்படுத்தும்? இது செய்தியில் வருவது அபூர்வம். பிறகு அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி, ‘கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்ற அளவில் வந்து நிற்கிறது.

முடிவும் முன்தீர்ப்பும், அதாவது பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் சட்ட விடையும், நேர் எதிர்த் திசையிலேயே போகலாம். 2014இல் வந்த எஸ்ஜிஎச்சி (சிங்கப்பூர் உயர் நீதிமன்றம்) 171ஆம் எண் தீர்ப்பு அப்படிப்பட்டது. தூக்கக் கலக்கத்தில் காரோட்டியவர் ஒரு லாரியில் மோதினார், லாரியில் இருந்த ஒருவர் மாண்டார். கீழ் நீதிமன்றம் அபராதமும் வாகனமோட்டத் தடையும் விதித்தது. அரசாங்கத் தரப்பு மேல்முறையீடு செய்தது. வழக்கமாக ஒரே நீதிபதி விசாரிக்கும் இத்தகைய மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தார்கள். கவனக்குறைவால் சாலையில் மரணம் விளைவித்தால் பொதுவாக அபராதம் போதும் என்று 1993 முதல் இருந்து வந்த வழிகாட்டுதல் சரியல்ல, கடுமையான கவனக்குறைவு என்றால் குறுகிய காலச் சிறையிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும் என்றார்கள். ஆனால் அந்த ஓட்டுநர் சிறைக்குப் போகவில்லை. புதிய விதி இனி வரும் வழக்குகளுக்கு மட்டுமே என்று அறிவித்து, பழைய தண்டனையை அப்படியே விட்டார்கள்.

முடிவை மட்டும் படித்தவருக்கு, ‘அபராதத்தோடு விட்டுவிட்டார்கள்’ என்றுதான் தோன்றும். அடுத்த நாள் அதே குற்றத்துக்கு நீதிமன்றம் ஏறியவரின் வழக்கறிஞர் வேறு வாக்கியத்தைப் படித்திருப்பார்.

‘இனிமேல் மட்டும்’ என்பதை நீதிபதிகள் கருணை காட்டுவதற்காகச் சொல்லிவிட முடியாது. பழைய விதி எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது, மாற்றம் எவ்வளவு பெரியது, அது வரப்போகிறது என்பதை முன்கூட்டி ஊகித்திருக்க முடியுமா, பழைய விதியை நம்பி மக்கள் எந்த அளவுக்கு நடந்துகொண்டார்கள் என்ற நான்கையும் எடைபோட வேண்டும் என்று அதே தீர்ப்பு வரையறுத்தது. பொது விதி இதற்கு மறுபக்கம்: தீர்ப்பு சொல்லும் சட்டம் முன்பு நடந்த செயல்களுக்கும் பொருந்தும். 2019இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டதால் அந்தத் தண்டனை அளவின் பயன் இப்போது குறைந்துவிட்டது. நான்கு அம்சச் சோதனை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே தீர்ப்புக்குள் ஒரு பகுதி காலாவதியாகி இன்னொரு பகுதி நிலைப்பது மிகச் சாதாரணமான விஷயம்.

அடுத்தது, எந்த நீதிமன்றம் என்பது. 2021 ஜனவரி 2 முதல் உயர் நீதிமன்றத்துக்கு இரண்டு பிரிவுகள்: பொதுப் பிரிவு, மேல்முறையீட்டுப் பிரிவு. இரண்டுக்கும் மேலே இருப்பது மேல்முறையீட்டு நீதிமன்றம். செய்திகளில் கடைசி இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்வது சிங்கப்பூரின் மற்ற எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். மேல்முறையீட்டுப் பிரிவு அதற்குக் கீழ்ப்பட்டது. பொதுப் பிரிவின் நீதிபதி ஒருவர் எழுதிய தீர்ப்பை மாவட்ட நீதிபதியும் மாஜிஸ்திரேட்டும் பின்பற்றியே ஆக வேண்டும், ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு உயர் நீதிமன்ற நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். மதிப்பார், காரணம் இருந்தால் மாறுபடுவார். இரண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் முட்டிக்கொண்டால், மேலிருந்து விடை வரும்வரை கீழ் நீதிமன்றம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். ‘உயர் நீதிமன்றம் தீர்ப்பு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இந்த வேறுபாடு எதுவும் வாசகருக்குத் தெரிய வழியில்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றமும் தன் பழைய தீர்ப்புகளுக்கு அடிமையல்ல. நம் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழி 1994 ஏப்ரல் 8ஆம் தேதி முற்றாக மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 11இல் வந்த நடைமுறை அறிக்கை, முன்தீர்ப்பைப் பின்பற்றுவது அநீதி விளைவிக்கும் அல்லது சட்டத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் என்றால் மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் சொந்தத் தீர்ப்பிலிருந்தும் பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்தும் விலகலாம் என்றது. இந்த அதிகாரத்தை அது தாராளமாகப் பயன்படுத்துவதில்லை. ஒப்பந்தம் எழுதுகிறவரும் உயில் எழுதுகிறவரும் இன்றைய விதியை நம்பித்தானே எழுதுகிறார்கள்.

எல்லா மேல்முறையீடும் சட்டத்தைத் தெளிவாக்கும் என்பதும் தவறான எண்ணம். பெரும்பாலானவை ‘கீழ் நீதிபதி சாட்சியைச் சரியாக எடைபோடவில்லை’ என்ற வகை. சாட்சிகளை நேரில் பார்த்துக் கேட்டவர் விசாரணை நீதிபதி. அவருடைய முடிவு சாட்சியங்களுக்கு வெளிப்படையாக முரண்பட்டாலொழிய மேல் நீதிமன்றம் கை வைக்காது. இப்படிப்பட்டவை சில பத்திகளில் முடிந்துவிடும், முன்தீர்ப்பாக அவற்றுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. சிறிய தொகை வழக்குகள் அங்கே போய்ச் சேர்வதே கடினம். அரசு நீதிமன்றங்களில் (மாவட்ட, மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில்) 60,000 வெள்ளிக்கு மேற்படாத உரிமையியல் வழக்கில் மேல்முறையீடு செய்ய அனுமதி வாங்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியும் சட்டப் பிழை, முதன்முறையாக முடிவு செய்யப்பட்ட பொதுக் கோட்பாடு, மேல் நீதிமன்றத்தின் முடிவு பொதுமக்களுக்குப் பயன்படும் முக்கியக் கேள்வி, இவற்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். ‘எனக்கு அநியாயம் நடந்துவிட்டது’ என்பது இந்த மூன்றில் எதிலும் அடங்காது.

குற்றவியலில் இன்னொரு வாசல் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 397ஆம் பிரிவின்படி, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு முடிந்த பிறகும் ஒரு சட்டக் கேள்வியை மட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திடம் கொண்டுபோகலாம். கால வரம்பு ஒரு மாதம். கேள்வி சட்டம் பற்றியதாக, பொதுநலன் சார்ந்ததாக இருக்க வேண்டும். அந்த வழக்கிலிருந்தே எழுந்ததாகவும், அதன் விடை வழக்கின் முடிவைப் பாதித்திருக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் தடுக்கி விழுவது ‘சட்டக் கேள்வி’ என்ற இடத்தில்தான். நடந்ததைப் பற்றிய சண்டைக்குச் சட்டக் கேள்வியின் சட்டையை மாட்டிவிட்டால் நீதிபதிகள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி, சட்டத்தைத் தெளிவாக்கும் தீர்ப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நம் வாசகர்கள் பலரைத் தொடும் இரண்டு தீர்ப்புகளை எடுத்துக்கொள்கிறேன். மணவிலக்கில் சொத்தைப் பிரிப்பது பற்றி மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவு, ‘நியாயமும் சமத்துவமும் உள்ள வகையில்’ பிரிக்க வேண்டும் என்கிறது. கவனிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. எப்படிக் கூட்டிக் கழிப்பது என்று சொல்லவில்லை. நீதிபதிக்கு நீதிபதி கணக்கு மாறியது. 2015இல் ஏஎன்ஜே எதிர் ஏஎன்கே வழக்கில், எண் [2015] எஸ்ஜிசிஏ 34, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முறையை வகுத்தது. 22ஆம் பத்தியில் இருந்து அது தொடங்குகிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். சொத்துகளை வாங்கக் கணவர் மசேநியும் (மத்திய சேமநிதி) ரொக்கமுமாக 420,000 வெள்ளி போட்டார், மனைவி 180,000 வெள்ளி போட்டார் என்று வைத்துக்கொள்வோம். நேரடிப் பங்களிப்பு 70க்கு 30. அடுத்து மறைமுகப் பங்களிப்பு: பிள்ளை வளர்ப்பு, வீட்டு வேலை, மளிகை, மின்கட்டணம், பணிப்பெண் சம்பளம் எல்லாம் இதில் அடங்கும். நீதிபதி இதை 35க்கு 65 என்று மதிப்பிடுகிறார். மூன்றாவதாகச் சராசரி: கணவருக்கு 52.5, மனைவிக்கு 47.5. கடன் போக இன்றைய நிகர மதிப்பு ஒரு மில்லியன் வெள்ளி என்றால் மனைவியின் பங்கு 475,000 வெள்ளி. இதோடு முடியவில்லை. திருமணம் எத்தனை ஆண்டு நீடித்தது, சொத்தின் அளவு, மறைமுகப் பங்களிப்பின் தன்மை இவற்றைப் பார்த்து இரண்டு விகிதங்களில் ஒன்றுக்குக் கூடுதல் எடை தரலாம். பிள்ளை இல்லாத குறுகிய காலத் திருமணத்தில் பணம் போட்டதற்கு எடை கூடும். பல ஆண்டு வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு மறுபக்கம் கூடும்.

அடுத்து என்ன ஆனது? கீழ் நீதிமன்றங்கள் இந்த முறையை எல்லாத் திருமணங்களுக்கும் பொருத்திப் பார்த்தன. ஒருவர் மட்டுமே சம்பாதித்த குடும்பங்களில் கணக்கு இடறியது. வேலைக்கே போகாத மனைவிக்கு நேரடிப் பங்களிப்பு சைபர்: 100க்கு 0. மறைமுகப் பங்களிப்பில் அவருக்கு 80 விழுக்காடு தாராளமாகக் கொடுத்தாலும் சராசரி 60க்கு 40தான். அதுமட்டுமல்ல, கணவர் போட்ட பணம் முதல் படியிலும் எண்ணப்படுகிறது, அவர் கட்டிய வீட்டுச் செலவு இரண்டாம் படியிலும் எண்ணப்படுகிறது. மனைவியின் உழைப்புக்கோ ஒரே ஒரு படிதான். 2017இல் டிஎன்எல் எதிர் டிஎன்கே, [2017] எஸ்ஜிசிஏ 15, இதைத் திருத்தியது. ஒருவர் மட்டும் சம்பாதித்த திருமணங்களுக்கு 2015இன் முறை பொருந்தாது, அப்படிப்பட்ட நீண்ட காலத் திருமணங்களில் நீதிமன்றங்கள் சமமாகப் பிரிக்கும் போக்கையே காட்டியிருக்கின்றன என்று சொல்லி, 35 ஆண்டுத் திருமணம் ஒன்றில் பாதிக்குப் பாதி கொடுத்தது.

2015இன் தீர்ப்பை இது ரத்து செய்யவில்லை, அதற்கு வேலி போட்டது. இருவரும் சம்பாதித்த குடும்பங்களுக்கு மூன்று படிக் கணக்கு இன்றும் நிற்கிறது. ஆனால் வெளியே பரவியது, ‘இனி மனைவிக்குப் பாதி’ என்ற நான்கு சொல்கூட நிரம்பாத செய்தி. ஏழெட்டு ஆண்டுகள் வாழ்ந்து இருவரும் வேலை பார்த்த தம்பதியரில் ஒருவர் அதை நம்பிச் சமரசப் பேச்சில் பிடிவாதம் பிடித்தால், கடைசியில் மிஞ்சுவது வழக்கறிஞர் கட்டணம்தான். இன்னொரு வகைத் தவறும் நடக்கிறது: 2015இன் கணக்கை மட்டும் படித்துவிட்டு, இல்லத்தரசியாகவே வாழ்ந்தவர் குறைவான பங்குக்குச் சம்மதித்துக் கையெழுத்திடுவது. இதைச் சரிசெய்வது முதலாவதைவிடக் கடினம்.

தீர்ப்பில் எது கட்டுப்படுத்தும், எது போகிற போக்கில் சொன்னது என்று பிரிக்க வழக்கறிஞர்கள் கையாளும் சோதனை சுலபமானது. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். முடிவு அப்போதும் அப்படியே நிற்கிறதா? நின்றால், அது கட்டுப்படுத்தும் பகுதி அல்ல. ‘இந்தக் கேள்வியை இன்னொரு வழக்குக்கு விட்டுவிடுகிறோம்’ என்று நீதிபதிகள் எழுதியதையே சில வேளைகளில் தீர்ப்பாக மேற்கோள் காட்டுகிறார்கள். மாறுபட்ட நீதிபதியின் உரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதுவும் கட்டுப்படுத்தாது. துரதிர்ஷ்டவசமாக, மேற்கோளுக்குத் தோதான வாக்கியங்கள் அங்கேதான் அதிகம்.

தண்டனை அளவுகளில் இந்த எல்லைகளை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். மது அருந்தி வாகனமோட்டுவது பற்றி 2021இல் உயர் நீதிமன்றம், எண் [2021] எஸ்ஜிஎச்சி 224, நான்கு படிநிலைகளை வகுத்தது. 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 36 முதல் 54 மைக்ரோகிராம் மது இருந்தால் 2,000 முதல் 4,000 வெள்ளி அபராதம், 24 முதல் 30 மாதம் வாகனமோட்டத் தடை. 90 அல்லது அதற்கு மேல் என்றால் 8,000 முதல் 10,000 வெள்ளி, 48 முதல் 60 மாதம் அல்லது அதற்கும் மேல். இந்த அட்டவணையை மட்டும் படமெடுத்துப் பகிர்கிறார்கள். முதல்முறைக் குற்றவாளி, ஆளுக்கோ பொருளுக்கோ சேதமில்லை என்ற இரண்டு நிபந்தனைகள் படத்தில் வருவதில்லை. நிறுத்தியிருந்த காரை உரசியவருக்குக்கூட இந்த அட்டவணை அப்படியே பொருந்தாது.

நம் சமூகத்தில் குறிப்பாக ஒரு குழப்பம் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழில் உடனுக்குடன் காணொளியாக வருகின்றன. இந்திய அரசியலமைப்பின் 141ஆம் பிரிவின்படி அவை இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். சிங்கப்பூரில் ஒரு நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தா. நம் தண்டனைச் சட்டத் தொகுப்பும் சாட்சியச் சட்டமும் இந்தியச் சட்டங்களிலிருந்து கிளைத்தவை என்பதால், ஒரே வாசகம் இரு நாட்டிலும் இருக்கும் இடங்களில் இந்தியத் தீர்ப்புகளை நீதிபதிகள் ஆர்வத்தோடு படிப்பதுண்டு. பூர்வீகச் சொத்து, வாரிசுரிமை பற்றியவை இங்குள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் பொருந்தும் என்று நினைப்பது சரியல்ல. இங்கிலாந்துத் தீர்ப்புக்கே அந்த உரிமை கிடையாதே! ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்ற ஷரத்து எப்போது செல்லாத அபராதமாகிறது என்பதற்கு இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2015இல் புது அளவுகோல் வைத்தது. நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல், மின்சார விநியோக ஒப்பந்த வழக்கு ஒன்றில், எண் [2020] எஸ்ஜிசிஏ 119, அதை ஏற்க மறுத்துவிட்டது. ஷரத்தில் உள்ள தொகை இழப்பின் உண்மையான முன்மதிப்பீடா என்று கேட்கும் 1915ஆம் ஆண்டுச் சோதனையையே வைத்துக்கொண்டது. லிட்டில் இந்தியாவில் கடை வாடகைக்கு எடுப்பவரும் வீட்டுப் புதுப்பிப்பு ஒப்பந்ததாரரும் இணையத்தில் ஆங்கிலேய விளக்கத்தைப் படித்துவிட்டு ஒப்பந்தம் எழுதினால் இடிக்கும் இடம் இதுதான்.

நாடாளுமன்றம் தீர்ப்பை மாற்றலாம் என்பதையும் செய்திகள் மறந்துவிடுகின்றன. மருத்துவர் தரும் ஆலோசனையை நோயாளியின் கண்ணோட்டத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் [2017] எஸ்ஜிசிஏ 38இல் சொன்னது. மருத்துவர்கள் தற்காப்புக்காகத் தகவலைக் கொட்டித் தீர்ப்பார்கள் என்ற கவலை எழுந்தது. 2020இல் உரிமையியல் சட்டத்தில் 37ஆம் பிரிவு சேர்க்கப்பட்டு, 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. இப்போது சக மருத்துவர்களின் கருத்துக்கு மீண்டும் மைய இடம். ஆகவே மருத்துவ ஆலோசனை வழக்கில் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆலோசனை கொடுக்கப்பட்ட தேதியை.

இதையெல்லாம் செய்தியாளர் ஒருவரே ஒரு மாலைக்குள் அலசி எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே பாதி விடை இருக்கிறது. நீதிமன்றங்களின் இணையத்தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம். முகப்பில் இருக்கும் எண்ணில் எஸ்ஜிசிஏ என்றால் மேல்முறையீட்டு நீதிமன்றம், எஸ்ஜிஎச்சிக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஏ இருந்தால் மேல்முறையீட்டுப் பிரிவு, எஸ்ஜிடிசி என்றால் மாவட்ட நீதிமன்றம். தலைப்பு ‘எக்ஸ் டெம்போரே’ என்றிருந்தால் விசாரணை நாளிலேயே வாய்மொழியாகச் சொன்னது, பொதுவாகச் சுருக்கமானது. ‘கிரவுண்ட்ஸ் ஆஃப் டிசிஷன்’ என்றால் முடிவை முன்பே அறிவித்துவிட்டு, காரணத்தைப் பிறகு எழுதியது. இரண்டும் ஒரே நாளில் வராததால், முடிவு செய்தியாகிக் காரணம் செய்தியாகாமல் போவது இந்த வகையில்தான் அதிகம். பெயர்களுக்குக் கீழே சட்டத் துறையும் உட்பிரிவும் இருக்கும். எந்தக் கேள்வி முடிவு செய்யப்பட்டது என்பதை அந்த இரண்டு வரிகளே காட்டிக்கொடுக்கும்.

எனவே நான் கேட்பது சிறிய இடம். மேல்முறையீட்டுத் தீர்ப்பு பற்றிய செய்தியின் அடியில் நீதிமன்றத்தின் பெயர், தீர்ப்பின் எண், அது முடிவு செய்த சட்டக் கேள்வி ஒரே வாக்கியத்தில், விதி எந்தத் தேதியிலிருந்து யாருக்குப் பொருந்துகிறது என்பவற்றைத் தரலாம். கீழ் நீதிமன்றத் தீர்ப்பாக இருந்தால் மேல்முறையீடு செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் சேர்க்க வேண்டும். குற்றவியல் வழக்குகளில் மேல்முறையீட்டு அறிவிப்புக்குத் தண்டனைக்குப் பிறகு 14 நாள் அவகாசம் உள்ளது. அதற்குள் வரும் செய்தியில் ‘மேல்முறையீட்டுக் காலம் முடியவில்லை’ என்று ஒரு வரி போட்டாலே போதும்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
சிங்கப்பூர்